160 டிகிரி பக்கம் போய் எக்ஸ்ரே அளப்பது எப்படி?

எக்ஸ்ரேயை வைத்துப் படிகத்தின் அணிக்கோவை அளவை (அணுக்கள் திரும்பத் திரும்ப அடுக்கியிருக்கும் கட்டத்தின் பக்க நீளத்தை) நாலு தசமம் வரை நம்பிச் சொல்ல வேண்டுமா? அப்படியென்றால் சிலிக்கானில் 28 டிகிரியில் தெரியும் அந்தப் பெரிய பீக்கை (எக்ஸ்ரே பலமாக வரும் கோணத்தில் எழும் மேட்டை) விட்டுவிடுங்கள். எக்ஸ்ரே வந்த வழியே கிட்டத்தட்டத் திரும்பிப் போகும் இடம், அதாவது இரண்டு தீட்டா (எக்ஸ்ரே தன் பாதையிலிருந்து திரும்பும் கோணம்) 150, 160 பக்கம்தான் நமக்கு வேண்டும். அணு அடுக்குகளின் இடைவெளியையும் கோணத்தையும் இணைக்கும் பிராக் விதியில் இருக்கும் சைன் தீட்டா, தீட்டா 90 டிகிரியை நெருங்க நெருங்க மாறுவதையே நிறுத்திவிடும், அதனால் கோணத்தில் நாம் விடும் பிழை இடைவெளிக் கணக்கில் அதிகம் ஏறாது. செம்பு டியூபில் சிலிக்கானின் 111 பீக் (எந்த அணு அடுக்கு என்று சொல்லும் எண் இது) 28.44 டிகிரியில் வரும், 444 பீக் 158.6 டிகிரியில் வரும். இரண்டையும் 0.01 டிகிரி தப்பாகப் படித்தால், அணிக்கோவை அளவு முதலாவதில் 0.0019 ஆங்ஸ்ட்ராம் பிசகும், இரண்டாவதில் 0.0001 கூட இல்லை.

பழகுவதற்கு 111 முகம் கொண்ட சிலிக்கான் வேஃபர் (மெல்லிய தகடு) என்று கேட்டு வாங்குங்கள். பினாங்கின் தொழிற்பேட்டையான பாயான் லெப்பாஸில் வேலை செய்யும் என் மச்சான் ஆசையாகக் கேட்டு வாங்கித் தந்த துண்டு 100 முகம். அதில் 400 பீக் 69 டிகிரியில் வரும், அதற்கடுத்த 800 செம்பின் அலைநீளத்துக்கு எட்டவே எட்டாது!

ஸ்கேன் போடுமுன் கை வைத்து அளந்து பாருங்கள். இந்தக் கோணத்தில் டியூபும் டிடெக்டரும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கும். 200 மி.மீ. ஆரம் உள்ள கோனியோமீட்டரில் (கோணம் பார்த்து நகர்த்தும் கருவியில்) 158.6 டிகிரிக்குப் போனால் டியூபில் எக்ஸ்ரே பிறக்கும் குவியப் புள்ளிக்கும் டிடெக்டர் வாய்க்கும் நடுவே 74 மி.மீ.தான், டியூபின் கூடே அதைவிட அகலமாக இருக்கலாம். மென்பொருளில் போட்டிருக்கும் எல்லையை அவசரப்பட்டுத் தூக்காதீர்கள், இடித்தால் செலவு யார் தலையில் விழும் என்று தெரியும்தானே.

மாதிரியின் உயரம் 0.1 மி.மீ. தப்பினால் 111 பீக் 0.056 டிகிரி நகரும், 444 பீக் 0.011 தான், ஆக இங்கேயும் லாபம். வேஃபர் என்றால் முதலில் ஒமேகாவை (மாதிரியின் சாய்வுக் கோணத்தை) மட்டும் ஆட்டி உச்சத்தைப் பிடியுங்கள், வெட்டு லேசாகச் சாய்ந்திருந்தால் பீக்கே கிடைக்காது. டிடெக்டர் நிரம்பிவிடாமல் முன்னால் மெல்லிய செம்புத் தகடு வையுங்கள். பொடி என்றால் நேர்மாறு, பீக் மெலிந்து கிடக்கும், ஒரு படிக்கு பத்து வினாடியாவது எண்ண விட வேண்டும்.

அப்புறம், இரண்டு பீக் தெரியும். பயப்படாதீர்கள், வேறு பொருள் கலந்துவிடவில்லை. செம்பு டியூப் தரும் நெருங்கிய இரண்டு அலைநீளங்களான கே ஆல்ஃபா 1, ஆல்ஃபா 2 இரண்டும் கீழ்க்கோணத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும், இங்கே ஒன்றரை டிகிரி விலகிவிடும். ஆல்ஃபா 1-ஐ எடுத்து 1.5406 ஆங்ஸ்ட்ராம் வைத்துக் கணக்குப் போடுங்கள், சராசரி அலைநீளம் வேண்டாம்.

இனி நான் பட்ட பாடு. கோணப் பிழையெல்லாம் சுருங்கும், வெப்பம் சுருங்காது, ஏனென்றால் அது பிழையே இல்லை, படிகம் நிஜமாகவே விரிகிறது. ஒருநாள் சாயங்காலம் அலுமினியத் துண்டு ஒன்றை அளந்தேன், சூடுபடுத்திய இன்னொரு துண்டை இரவு ஓடவிட்டுவிட்டு தே தாரே குடிக்கப் போய்விட்டேன். 137.4 டிகிரியில் இருக்க வேண்டிய 422 பீக் கிட்டத்தட்ட 0.05 டிகிரி கீழே இறங்கியிருந்தது. சூடுபடுத்தியதில் உள்ளே இருந்த மக்னீசியம் நன்றாகக் கரைந்து அணிக்கோவை பெருத்துவிட்டது என்று ஒரு வாரம் குதித்தேன். கடைசியில் பார்த்தால் கட்டடத்தில் ஆறு மணிக்கு மேல் ஏர்கோனை அடைத்துவிடுகிறார்கள், அறை 23-இலிருந்து 30 டிகிரி செல்சியஸுக்குப் போயிருக்கிறது! அலுமினியம் ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 23 பங்கு விரியும், ஏழு டிகிரிக்குக் கணக்குப் போட்டால் சொல்லி வைத்தாற்போல் அதே 0.05. சிலிக்கான் 2.6 பங்குதான் விரியும், அதனால்தான் வேஃபரில் பழகியபோது எனக்கு இது தெரியவே இல்லை. இப்போது மாதிரிக்குப் பக்கத்திலேயே ஒரு வெப்பமானியை ஒட்டிவைத்து, ஸ்கேன் தொடங்கும்போதும் முடியும்போதும் எழுதிவைக்கிறேன்.

பொடியில் ஒரே பீக்கை நம்பாமல், மேல்கோணத்தில் கிடைக்கும் நாலைந்தையும் தனித்தனியாகக் கணக்கிட்டு, 1945-இல் வந்த நெல்சன்-ரைலி சார்பை (தீட்டாவிலிருந்து கணக்கிடும் எண், 90 டிகிரியில் பூஜ்யமாகும்) கிடை அச்சிலும் அணிக்கோவை அளவை நெடு அச்சிலும் வைத்துக் கோடு போடுங்கள், சார்பு பூஜ்யமாகும் இடத்தில் கோடு காட்டுவதுதான் தீட்டா 90 டிகிரிக்கான அளவு.

எஃகு என்றால் செம்பு டியூபே வேண்டாம், இரும்பு ஒளிர்ந்து பின்னணி ஏறிவிடும். குரோமியம் டியூபுக்கு மாறுங்கள், 211 பீக் 156 டிகிரியில் நிற்கும். எஃகின் உள்தகைவை (உள்ளேயே தங்கிவிட்ட இழுவையை, அழுத்தத்தை) அளப்பவர்கள் வழக்கமாகப் பிடிப்பது அதைத்தான்.