பேயா, நோயா: இரண்டுக்கும் இடம் வைத்து ஒரு திரைக்கதை

பேய் பிடித்ததாகச் சொல்லப்படும் பெண்ணைப் பற்றிய படத்தில், பார்வையாளரைக் கடைசிவரை முடிவுக்கு வரவிடாமல் வைத்திருக்க விரும்புபவர், முதலில் மருத்துவரைக் கோமாளியாக்கும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். அரைகுறையாகச் சோதித்துவிட்டுக் கையை விரிக்கும் மருத்துவர் திரையில் தோன்றிய கணமே படம் பேயோட்டுபவரின் பக்கம் சாய்ந்துவிடுகிறது. அதன்பின் எத்தனை ஸ்கேன் எடுத்துக் காட்டினாலும் பயனில்லை.

ஆகவே பேயைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே நோயைத் தேர்ந்துகொள்ளுங்கள். மூளையின் பக்கவாட்டு மடலில் (டெம்போரல் லோப்) எழும் வலிப்பில், அடிவயிற்றிலிருந்து ஏதோ மேலேறுவது போன்ற உணர்வும், காரணமற்ற அச்சமும், சிலருக்கு இல்லாத கருகல் வாடையும் வரும். பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில் அடங்கி, நடந்தது நினைவில்லாத குழப்பத்தில் முடியும். பேய்ப்படக்காரர்கள் காலங்காலமாகக் கையாளும் அடையாளங்களும் கிட்டத்தட்ட இவையேதான். வலிப்பு இல்லாத நேரத்தில் எடுக்கும் இஇஜி, அதாவது மூளையின் மின்னலைப் பதிவு, இயல்பாகவே இருக்கக்கூடும் என்பதால், 'ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை' என்ற ஒரே வரி இரு தரப்புக்கும் சாட்சியாகிறது.

கதை நடக்கும் ஆண்டும் உங்களுக்கு உதவும். நலமாக இருந்த இளம்பெண்ணைச் சில வாரங்களில் பிதற்றலுக்கும் வலிப்புக்கும் விசித்திரமான வாயசைவுகளுக்கும் தள்ளக்கூடிய ஒருவகை மூளையழற்சியை உண்டாக்கும் எதிர்ப்புரதம் (ஆன்டிபாடி) 2007இல்தான் அடையாளம் காணப்பட்டது. கதையை 1990களில் வைத்தால், திறமையும் அக்கறையும் உள்ள மருத்துவரே நேர்மையாகத் தோற்க முடியும்.

நம்பிக்கையின் தரப்பிலும் எளிதில் நம்பாத ஒருவரை நிறுத்துங்கள். 1614ஆம் ஆண்டின் கத்தோலிக்கச் சடங்கு நூலே, பேய் என்று சட்டென நம்பிவிடக் கூடாது என எச்சரித்துவிட்டு, அறியாத மொழியைப் பேசுவது, மறைந்ததைச் சொல்வது, வயதை மீறிய வலிமை ஆகியவற்றை அறிகுறிகளாகக் கூறுகிறது. 1973இல் வந்த 'தி எக்ஸார்சிஸ்ட்' படத்தின் இளைய பாதிரியார் மனநல மருத்துவரும்கூட. அவர் புனிதநீர் என்று சொல்லித் தெளித்த வெறும் குழாய்நீருக்குச் சிறுமி துடிக்கும் காட்சியை, என்னைக் கேட்டால், அந்தப் படத்தின் பிற்பாதி ஆர்ப்பாட்டங்களைவிட உயர்ந்தது என்பேன்.

அந்த அறிகுறிகளில் மிகவும் பயன்படுவது மறைந்ததைச் சொல்வதுதான். மருத்துவரின் இறந்துபோன தங்கையின் பெயரை நோயாளி அவரிடமே சொல்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது நிமிடங்களுக்கு முந்தைய காட்சியில் இரண்டு செவிலியர்கள் அந்தத் தங்கையைப் பற்றிப் பேசிக்கொண்டே வராந்தாவில் நடக்கட்டும். நோயாளியின் அறைக்கதவு நான்கு விரற்கடை திறந்தபடி ஷாட்டின் ஓரத்தில் இருக்கட்டும். பெயர் வரும் இடத்தில் மருந்து வண்டியின் சக்கரச் சத்தம் பாதியை விழுங்கட்டும். பெயர் தெளிவாகக் கேட்டால் நோய் வென்றுவிடும், கதவே இல்லையென்றால் பேய் வென்றுவிடும். ஒலிக்கலவையின்போது இந்த ஓர் இடத்துக்காக நீங்களே உட்கார வேண்டியிருக்கும்.

யாரும் இல்லாத அறையில் கட்டில் எழும்புவதைக் கேமரா மட்டும் பார்க்கும் ஷாட்டை எடுக்கவே எடுக்காதீர்கள். விபரீதம் எதுவானாலும் அச்சத்திலோ தூக்கமின்மையிலோ இருக்கும் ஒருவர் கண்வழியே வரட்டும். அவள் தேறுவதாக இருந்தால், புதிய மாத்திரை தொடங்கிய வாரத்திலேயே சடங்கும் நடக்கட்டும்.

காரணம் மங்கலாக இருக்கலாம். மனிதர்கள் செய்ததும் செய்யத் தவறியதும் மங்கலாகக் கூடாது. ஜெர்மனியில் 1976இல், பல மாதங்கள் நீண்ட 67 பேயோட்டும் அமர்வுகளுக்குப் பிறகு 23 வயது மாணவி ஒருவர் ஊட்டமும் நீரும் இன்றி இறந்தார். 1978இல் நீதிமன்றம் பெற்றோரையும் இரண்டு பாதிரியார்களையும் கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. ஆகவே மாத்திரையை நிறுத்தச் சொன்னது யார், தொடாத சாப்பாட்டுத் தட்டை எடுத்துப்போனது யார் என்பதை மட்டும் நல்ல வெளிச்சத்தில் படமாக்குங்கள்.