இட்லிப் பானையில் சாக்லேட் கேக்: நடுவில் தேங்கிய ஈரம்

எங்கள் வீட்டில் ஓவன் இல்லாததால், மகளின் பிறந்தநாளுக்கு இட்லிப் பானையிலேயே சாக்லேட் கேக் வேகவைக்க முனைந்தேன். முதல் இரண்டு முறையும் ஓரங்கள் நன்றாக வெந்திருக்க, நடுப்பகுதி மட்டும் களியைப் போலக் குழைந்து பள்ளமாகி நின்றது. மாவில்தான் பிழை என்று எண்ணித் தயிரைக் குறைத்தும் சமையல் சோடாவைக் கூட்டியும் பார்த்ததில், சோடாவின் கசப்பு மட்டுமே மிஞ்சியது.

மூன்றாம் முறை, பாதி வேக்காட்டில் மூடியைத் திறந்தபோதுதான் காரணம் கண்ணில் பட்டது. மூடியின் உட்புறம் முத்து முத்தாகத் திரண்ட நீர், கைப்பிடியின் திருகாணி முனையில் சேர்ந்து, நேராக மாவின் நடுவே சொட்டிக்கொண்டிருந்தது. (அப்படித் திறந்ததாலேயே அந்தக் கேக்கும் அமுங்கிப்போனது வேறு கதை.)

அடுத்த முறை மூடியைப் பழைய வேட்டித் துணியால் சுற்றி, முனைகள் தீயில் படாதவாறு மேலே முடிச்சிட்டேன். 1 கப் மைதா, கால் கப் கோகோ, முக்கால் கப் சர்க்கரை, அரை கப் தயிர், அரை கப் பால், கால் கப் எண்ணெய் ஆகியவற்றுடன் அரைத் தேக்கரண்டி சோடாவைக் கடைசியாகக் கலந்து, அது தயிரோடு சேர்ந்து நுரைத்து அடங்கும் முன்பே, கொதிக்கும் நீருக்கு மேல் ஏற்றிவிட்டேன். மிதமான தீயில், 40 நிமிடம் வரை மூடியைத் தொடவில்லை. செருகிய ஈர்க்குச்சி மாவு ஒட்டாமல் வந்தது. துணிதான் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.