தஞ்சை டெல்டாவில் உங்கள் குடும்பத்தின் பழைய ஆவணங்கள் எங்கே இருக்கும்? முதன்முறை தேடுகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தாத்தாவின் அப்பா பெயர் வரைக்கும் நம்மில் பலருக்குத் தெரியும். அதற்கு மேலே கேட்டால் "மாயவரம் பக்கம் ஏதோ ஒரு ஊர்", "மன்னார்குடியிலிருந்து வந்த குடும்பம்" என்பதோடு பேச்சு நின்றுவிடும். அதற்கு அப்பாலும் போக முடியும். காவிரி டெல்டாவில் ஆண்டவர்கள் பலர், எழுதி வைத்தவர்களும் பலர். தஞ்சை மராட்டியர், மராத்தியை எழுதும் பழைய எழுத்து வடிவமான மோடியில் எழுதினார்கள். டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியிலும், டச்சுக்காரர்கள் நாகப்பட்டினத்திலும், பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலிலும் கணக்கு வைத்தார்கள். மீதி இடமெல்லாம் கிழக்கிந்தியக் கம்பெனியும் அதற்குப் பின் பிரிட்டிஷ் அரசும்.

புதிதாகத் தேடுகிறவர்கள் நேராக ஆளின் பெயரைத் தேட ஆரம்பிக்கிறார்கள். முதலில் ஊரைப் பிடியுங்கள். அந்த ஊர் அந்த ஆண்டில் எந்த ஆட்சியில், எந்த மாவட்டத்தில், எந்தத் தாலுகாவில் இருந்தது என்று தெரிந்தால்தான் எந்தக் காப்பகத்தின் கதவைத் தட்டுவது என்று தெரியும். காகிதம் எப்போதும் ஆட்சியின் பின்னாலேயே போகும்.

படி 1: வீட்டில் இருப்பதை எடுத்து அடுக்குங்கள்

டிரங்குப் பெட்டி, பரண், பூஜை அலமாரி எல்லாவற்றையும் பாருங்கள். பத்திரங்கள், பழைய பட்டா, வரி ரசீது, ஜாதகம், கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, ரேஷன் கார்டு என்று எது கிடைத்தாலும் போனில் படம் எடுத்து வையுங்கள். பழைய கல்யாணப் பத்திரிகையில் இரண்டு பக்கத்துத் தாத்தா பெயர்களும் ஊர்களும் இருக்கும் என்பதால் அதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள்.

பெரியவர்களிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, குலதெய்வக் கோயில் எந்த ஊரில் இருக்கிறது என்பது. குடும்பம் நான்கு ஊர் மாறியிருந்தாலும் குலதெய்வம் பெரும்பாலும் பழைய ஊரிலேயே இருக்கும்.

ஜாதகத்தில் ஆங்கில ஆண்டு இல்லாமல் "விரோதி வருஷம் ஆனி மாதம்" என்று மட்டும் இருக்கலாம். தமிழ் ஆண்டுப் பெயர்கள் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும். விரோதி என்றால் 1889 அல்லது 1949-இல் தொடங்கிய ஆண்டு. எது என்பதை அந்த ஆளின் பிள்ளைகள் வயதை வைத்து முடிவு செய்யலாம். பத்திரங்களிலும் இதே பழக்கம் உண்டு.

படி 2: ஊரின் நிர்வாக வரலாற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்

இன்றைய நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறை மாவட்டங்கள் எல்லாம் ஒரு காலத்தில் ஒரே தஞ்சாவூர் ஜில்லா. 1991-இல் நாகப்பட்டினம் பிரிந்தது, 1997-இல் திருவாரூர், 2020-இல் மயிலாடுதுறை. ஆக உங்கள் ஊர் இப்போது மயிலாடுதுறை மாவட்டம் என்றால், 1990-க்கு முந்தைய மாவட்ட அளவிலான கோப்புகளுக்குத் தஞ்சாவூர் என்ற பெயரில்தான் தேட வேண்டும்.

இன்னும் பின்னால் போனால், தஞ்சையின் நிர்வாகம் 1799-இல் கம்பெனி கைக்குப் போனது. தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர்களிடம் இருந்தது. நாகப்பட்டினம் 1658 முதல் 1781 வரை டச்சுக்காரர்களிடம். காரைக்கால் 1739 முதல் 1954 வரை பிரெஞ்சு நிர்வாகத்தில். இரண்டு மைல் தள்ளியிருக்கும் இரண்டு ஊர்களின் ஆவணம் இரண்டு கண்டங்களில் இருப்பது இதனால்தான்.

தாலுகா விவரத்துக்கு 1883-இல் வந்த தஞ்சை ஜில்லாக் கையேடும் 1906-இல் வந்த கெஸட்டியரும் உதவும். இணைய ஆவணக் காப்பகமான ஆர்க்கைவ் டாட் ஆர்க் தளத்தில் இவற்றைத் தேடிப் பாருங்கள். தமிழ்ப் புத்தகங்கள், ஊர் வரலாறுகளுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் நல்ல இடம். ஊர்ப் பெயரின் பழைய ஆங்கில எழுத்துகளையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள்: டாஞ்சூர், நெகபட்டாம், டிரான்கெபார், ஷியாலி. கடைசியாகச் சொன்னது நம் சீர்காழி. உங்கள் ஊர் தனி வருவாய் கிராமமா, இன்னொரு கிராமத்தின் குக்கிராமமா என்பதையும் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குக்கிராமத்தின் பெயரில் பதிவேடு இருக்காது.

படி 3: நிலத்தின் வழியாகப் போங்கள்

சொந்த நிலம் இருந்த குடும்பம் என்றால் இதைவிட உறுதியான பாதை வேறு இல்லை. இப்போதைய சிட்டாவில் தொடங்கி, சர்வே எண்ணைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடக்க வேண்டும். நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பிக்க 1979-இல் தொடங்கிய யூடிஆர் பதிவேட்டில் அந்த எண் யார் பெயரில் இருக்கிறது, அதற்கு முந்தைய எண் என்ன, அதற்கும் பழைய நிலப் பதிவேடான எஸ்எல்ஆரில் யார் பெயர் என்று ஒவ்வொன்றாகக் கேட்கலாம். வட்டாட்சியர் அலுவலகத்திலும் ஆட்சியர் அலுவலகத்தின் ரெக்கார்டு ரூமிலும் இவற்றுக்கு நகல் விண்ணப்பம் போடலாம். வாயால் கேட்டுப் பதில் வராவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். 10 ரூபாய்தான் கட்டணம். பதிவேட்டின் பெயர், கிராமம், சர்வே எண் மூன்றையும் குறிப்பிட்டால் பதில் தெளிவாக வரும்.

பழைய கிராமக் கணக்குகளைக் கர்ணம், அதாவது ஊர்க் கணக்குப்பிள்ளை வைத்திருந்தார். பரம்பரைக் கிராம அலுவலர் முறை 1980-இல் ஒழிக்கப்பட்டபோது எல்லாக் கட்டுகளும் ஒழுங்காகக் கைமாறியது என்று சொல்ல முடியாது. அதனால் பழைய கர்ணத்தின் வீட்டாரிடம் மரியாதையாகப் போய் ஒருமுறை விசாரிப்பதில் தவறில்லை.

அடுத்தது சார்பதிவாளர் அலுவலகம். வில்லங்கச் சான்று 1975 முதல் பதிவுத்துறை இணையதளத்திலேயே கிடைக்கிறது. அதற்கு முந்தையதற்கு நேரில் விண்ணப்பித்துத் தேடச் சொல்ல வேண்டும். அங்கே 1-வது புத்தகம் எனப்படும் பதிவேட்டில் இருக்கும் சொத்துப் பத்திரங்களையும் அவற்றின் அட்டவணைகளையும் கட்டணம் செலுத்தி யார் வேண்டுமானாலும் பார்வையிடலாம், பதிவுச் சட்டமே அதற்கு இடம் தருகிறது. 3-வது புத்தகத்தில் உயில்கள் இருக்கும். அதற்கு அந்த உரிமை கிடையாது.

பத்திரங்களில் எனக்கு மிகவும் பிடித்தது பாகப்பிரிவினை. கிரயப் பத்திரத்தில் விற்றவர், வாங்கினவர், அவரவர் தகப்பனார் பெயர் இருக்கும். பாகப்பிரிவினையில் குடும்பமே உட்கார்ந்திருக்கும். "தஞ்சாவூர் ஜில்லா, மாயவரம் தாலுக்கா, இன்ன கிராமத்திலிருக்கும் காலஞ்சென்ற இன்னார் குமாரர்கள்" என்று ஆரம்பித்து, மூத்தவர், இளையவர், இறந்துபோன அண்ணனின் மைனர் பிள்ளைகள், அவர்களுக்குத் "தாயும் கார்டியனுமான" அம்மாள் என்று வரிசையாக வரும். சொத்து "பிதுரார்ஜிதமாய்ப் பாத்தியப்பட்டது", அதாவது முன்னோர் வழியில் வந்தது என்று எழுதியிருந்தால் அப்பாவுக்கும் முந்தின பத்திரம் ஒன்று எங்கோ இருக்கிறது என்று அர்த்தம். பட்டாவில் காணாத பெண்கள் இந்த கார்டியன் வரியிலும் ஜீவனாம்ச வரியிலும்தான் பெயரோடு வருகிறார்கள். நான்கெல்லை விவரத்தையும் விடாதீர்கள். "கிழக்கே சின்னையன் நிலம்" என்றால் அந்தச் சின்னையன் பெரும்பாலும் பங்காளியாக இருப்பார்.

அளவுகளில் குழம்ப வேண்டாம். 1 வேலி என்பது 20 மா. டெல்டாவில் 1 மா என்றால் சுமார் 33 சென்ட். பழைய கணக்கில் எண்கள் தமிழ் எழுத்திலேயே இருக்கும். ௧ முதல் ௯ வரையும் ௰, ௱ குறிகளையும் ஒரு மாலையில் பழகிவிடலாம்.

இனாம் நிலம், அதாவது ஆட்சியாளர்கள் கொடையாகக் கொடுத்த நிலம் பெற்ற குடும்பம், அல்லது கோயில் ஊழியத்துக்கு மானியம் பெற்ற குடும்பம் என்றால் இன்னொரு பொக்கிஷம் இருக்கிறது. 1858-இல் அமைக்கப்பட்ட இனாம் கமிஷன் ஒவ்வொரு இனாமையும் விசாரித்து, யாருக்கு, யார் கொடுத்தது, இப்போது அனுபவிப்பவர் யார், அவருடைய வாரிசு யார் என்று பதிவேடு எழுதியது. அது சென்னை ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

படி 4: நிலம் இல்லாத குடும்பமா?

டெல்டாவில் பெரும்பாலான உழைப்பாளிக் குடும்பங்களின் பெயர் பட்டாவில் இருக்காது. நிலம் அதன் உடைமையாளரான மிராசுதார் பெயரில், உழைப்பு அவரிடம் வேலை செய்த பண்ணையாளுடையது. குடும்ப வரலாற்றுக் குறிப்புகள் பலவும் இந்த இடத்தில் கைவிட்டுவிடுகின்றன என்பது எனக்குப் பெரிய வருத்தம். ஆவணம் இருக்கிறது, வேறு தலைப்பில் தேட வேண்டும், அவ்வளவுதான்.

1952-இல் தஞ்சைக்கென்றே குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் கீழ் எழுந்த வழக்குகளில் பண்ணையாளின் பெயர் வரும். 1969 சட்டத்தின்படி குத்தகை உரிமைப் பதிவேடு எழுதப்பட்டது. அதில் சாகுபடி செய்தவர் பெயர் சர்வே எண்ணோடு இருக்கும். 1971 குடியிருப்பு மனைச் சட்டத்தில் வீட்டு மனைக்கு உரிமை பெற்ற விவசாயத் தொழிலாளர்களின் விவரம் இருக்கும். மூன்றுக்கும் வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து தொடங்குங்கள்.

அப்புறம் பள்ளி. ஊர்த் தொடக்கப்பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் தந்தை பெயரும் பிறந்த தேதியும் இருக்கும், பல இடங்களில் தொழிலும் எழுதியிருப்பார்கள். தலைமையாசிரியரிடம் விளக்கிக் கேட்டால் பார்க்கக் கிடைக்கலாம். 2002, 2005 வாக்காளர் பட்டியல்களில் தந்தை அல்லது கணவர் பெயர், வயது, வீட்டு எண் மூன்றும் உண்டு. ஒரே தெருவில் யார் யார் ஒன்றாக இருந்தார்கள் என்பது அதில் தெரியும்.

பிறப்பு, இறப்புப் பதிவுகளுக்கு ஊர் நகராட்சி என்றால் நகராட்சியில், கிராமம் என்றால் வட்டாட்சியர், சார்பதிவாளர் அலுவலகங்களில் கேளுங்கள். பழைய பதிவேட்டில் குழந்தையின் பெயர் இல்லாமல் ஆண், பெண் என்று மட்டும் இருப்பது சகஜம். தகப்பன் பெயரை வைத்தே தேடுங்கள்.

படி 5: சென்னைக்கு ஒரு பயணம்

எழும்பூரில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், 1909-இல் மெட்ராஸ் ரெக்கார்டு ஆபீஸாகத் தொடங்கியது. 1670 முதலான கோப்புகள் இங்கே உண்டு. போவதற்கு முன் அனுமதி நடைமுறையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அடையாள அட்டை, விண்ணப்பக் கடிதத்தோடு போங்கள்.

உள்ளே போய் "எங்கள் கொள்ளுத்தாத்தா பற்றி வேண்டும்" என்று கேட்டால் யாராலும் உதவ முடியாது. தஞ்சாவூர் ஜில்லா ரெக்கார்டுகள், வருவாய் வாரிய நடவடிக்கைகள், இனாம் பதிவேடு, அரசாணைகள் என்று எந்த வகை வேண்டும், எந்த ஆண்டு வேண்டும் என்று சொல்லுங்கள். அட்டவணைப் புத்தகத்தைப் பார்த்து, துறை, எண், தேதியைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் கட்டு வரும்.

நடந்து போகும் தூரத்தில் பாந்தியன் சாலையில் கன்னிமாரா நூலகம். 1896-இல் திறந்தது. இந்தியாவில் வெளியாகும் புத்தகங்களின் பிரதி வந்து சேரும் நூலகங்களில் ஒன்று என்பதால், ஊர் வரலாறு, சாதிச் சங்க மலர், கும்பாபிஷேக மலர் போன்றவற்றை இங்கே தேடலாம். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், பழைய தமிழ் அச்சு நூல்களுக்கும் பத்திரிகைகளுக்கும் தனி இடம். சங்க மலர்களின் நன்கொடையாளர் பட்டியலைப் பொறுமையாகப் படியுங்கள். பெயர், ஊர், தொழில் எல்லாம் ஒரே வரியில் கிடைக்கும்.

படி 6: தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகம்

அரண்மனையில் வேலை பார்த்தவர்கள், சத்திரம், கோயில் மானியம் தொடர்பான குடும்பங்களுக்கு மட்டும் இந்தப் படி. மராட்டியர் கால நிர்வாகக் காகிதங்கள் மோடி எழுத்தில் மராத்தி மொழியில் கட்டுக் கட்டாக இருக்கின்றன. மோடி தெரியாவிட்டாலும் ஒரு பகுதியைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தமிழாக்கி வெளியிட்டிருக்கிறது. முதலில் அதன் பெயரடைவைப் புரட்டுங்கள்.

படி 7: தேவாலயம், பள்ளிவாசல்

கிறிஸ்தவக் குடும்பம் என்றால் ஞானஸ்நானப் பதிவேடு முதல் வேலை. கத்தோலிக்கர்கள் பங்குக் கோயிலில் கேளுங்கள். தஞ்சை மறைமாவட்டம் 1952-இல்தான் மயிலையிலிருந்து பிரிந்தது என்பதால், அதற்கு முந்தைய மறைமாவட்டக் கடிதங்களுக்குச் சென்னைப் பக்கம் பார்க்க வேண்டியிருக்கும். தரங்கம்பாடி லுத்தரன் குடும்பங்களுக்கு 1706-இல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் வந்ததிலிருந்தே எழுத்து உண்டு. மிஷனரிகளின் கடிதங்களும் அறிக்கைகளும் ஜெர்மனியில் ஹாலே நகரின் பிராங்கே நிறுவனக் காப்பகத்தில் இருக்கின்றன. உபதேசியார்களின் பெயர்கள் அவற்றில் அடிக்கடி வரும்.

நாகூர், நாகப்பட்டினம் முஸ்லிம் குடும்பங்களுக்கு ஜமாஅத்தின் நிக்காஹ் தப்தர், அதாவது திருமணப் பதிவேடு. மணமக்கள், தகப்பனார், சாட்சிகள், மணமகன் கொடுக்கும் மஹர் எல்லாம் அதில் எழுதியிருக்கும்.

படி 8: காரைக்கால், கடல் கடந்தவர்கள்

காரைக்காலில் பிரெஞ்சு முறைப்படி பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றுக்கும் பதிவேடு உண்டு. நகராட்சியில் தொடங்கி, பிரான்சில் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரில் உள்ள கடல்கடந்த பகுதிகளுக்கான தேசியக் காப்பகத்தின் இணையதளத்தையும் பாருங்கள். 1881 ஆணைப்படி சொந்தச் சமயச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் அப்போது புதிய குடும்பப் பெயர் எடுத்தார்கள். குடும்பப் பெயர் திடீரென்று பிரெஞ்சாக மாறியிருந்தால் பெயர் மாறிய ஆண்டை ஒட்டித் தேடுங்கள். ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் போன ஒப்பந்தத் தொழிலாளர்கள் பலர் காரைக்காலில் கப்பல் ஏறியவர்கள்.

பிரிட்டிஷ் காலனிகளுக்கு ஒப்பந்தத்தில் போனவர்களின் பதிவு வியக்க வைக்கும். 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போன 1,52,184 பேருக்கும் கப்பல் பட்டியல் இருக்கிறது. ஒரு வரியில் ஒரு மனிதர்: எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள தழும்பு. டர்பனில் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் ஆவண மையம் இதைத் தொகுத்திருக்கிறது. மொரீஷியஸுக்கு மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் குடியேற்ற ஆவணங்கள், சிலருக்குப் புகைப்படம்கூட உண்டு. கிராமப் பெயரை எழுதியவருக்குத் தமிழ் தெரியாது. அதனால் அதை வாய்விட்டுப் படித்துப் பார்த்து, அந்தத் தாலுகாவின் கிராமப் பட்டியலோடு ஒப்பிடுங்கள்.

நாகப்பட்டினத்திலிருந்து மலாயாவுக்கும், மண்டபம் வழியாக இலங்கைக்கும் ஆள் சேர்க்கும் கங்காணி மூலம் போனவர்களுக்கு இவ்வளவு விவரமான பட்டியல் கிடைப்பது அரிது. அவர்களுக்குக் குடியுரிமைக் காகிதங்களே ஆதாரம். இலங்கையில் 1948 குடியுரிமைச் சட்டத்துக்கும் 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்கும் பிறகு கொடுத்த விண்ணப்பங்களில் இந்தியப் பூர்வீக ஊர் எழுதப்பட்டிருக்கும். மலேசிய உறவினர்களிடம் பழைய ஐசி (அடையாள அட்டை), பழைய இந்தியப் பாஸ்போர்ட், தோட்டத்து மருத்துவமனையின் பிறப்புச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். அதில் ஊர்ப் பெயர் கிடைத்தால், மறுபடி இரண்டாம் படியிலிருந்து அந்த ஊருக்குத் தேடலைத் தொடங்கலாம்.