கார்டில் பணம் பறிபோனால் முதல் மூன்று நாள்

நீங்கள் செய்யாத செலவுக்கு வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வருகிறதா? கார்டை உடனே முடக்குங்கள். வங்கிக்குப் புகார் செய்து, புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பிறகு சைபர் குற்றப் புகாருக்கான தேசிய உதவி எண் 1930-ஐ அழையுங்கள். ‘நாளைக்குப் பார்ப்போம்’ என்று தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் கொண்டுவந்த விதிகள் நமக்குப் பெரிய பாதுகாப்பு. தவறு உங்களுடையதும் இல்லை, வங்கியுடையதும் இல்லை என்றால், தகவல் கிடைத்த மூன்று வேலைநாள்களுக்குள் புகார் செய்தால் உங்களுக்கு இழப்பே கிடையாது. தகவல் வந்த நாள் இந்தக் கணக்கில் சேராது. நான்கு முதல் ஏழு வேலைநாள் என்றால், சாதாரண சேமிப்புக் கணக்கில் ஒரு பரிவர்த்தனைக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை நீங்கள் ஏற்க நேரிடும். புகார் செய்த 10 வேலைநாள்களுக்குள் வங்கி அந்தத் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். 90 நாள்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

பலர் அறியாத செய்தி ஒன்று: தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் பொறுப்பு வங்கிக்கே உரியது. ‘ஓடிபி போட்டுத்தான் பணம் போயிருக்கிறது’ என்று வங்கி சொன்னதும் மனம் தளர்ந்து திரும்பிவிடாதீர்கள். ஆதாரத்தை எழுத்தில் கேளுங்கள். ஓடிபியை நீங்களே ஏமாந்து சொல்லியிருந்தால் அதுவரை போன பணம் உங்கள் இழப்புதான். ஆனால் புகாருக்குப் பின் போகும் ஒவ்வொரு ரூபாய்க்கும் வங்கியே பொறுப்பு.

30 நாள்களில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி தராவிட்டாலும், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.