பழைய எலும்பிலிருந்து டிஎன்ஏ: என் மேசையில் செய்யும் முறை

மண்ணில் பல வருஷம் கிடந்த எலும்புக்கூடு, யாருடையது என்று கண்டுபிடிக்க என்னிடம் வந்தால் நான் முதலில் தேடுவது சொத்தையில்லாத கடைவாய்ப்பல்லைத்தான். எனாமல் ஒரு மூடி மாதிரி உள்ளிருக்கும் டிஎன்ஏவைக் காக்கும். பல் இல்லையென்றால் உள்காதைச் சுற்றியுள்ள கெட்டி எலும்பு, அதுவும் இல்லையென்றால் தொடை எலும்பின் நடுப்பகுதி.

மேற்பரப்பைச் சுரண்டி, நீர்த்த பிளீச்சிலும் பிறகு சுத்தமான தண்ணீரிலும் கழுவிக் காயவிடுங்கள். பொடிக்கும்போதுதான் பலரும் கெடுக்கிறார்கள். டிரில்லை வேகமாக ஓட்டினால் கருகின வாடை வரும். டிஎன்ஏவும் சூட்டில் உடைகிறது என்று அர்த்தம். மெதுவாக ஓட்டி, நிறுத்தி நிறுத்திச் செய்யுங்கள். திரவ நைட்ரஜனில் உறையவைத்துப் பொடிக்க முடிந்தால் இன்னும் நல்லது.

ஒரு கிராம் பொடிக்கு சுமார் 15 மில்லி ஈடிடிஏ (கால்சியத்தைப் பிடித்துக் கரைக்கும் வேதிப்பொருள்) கரைசல், கூடவே புரதத்தைச் சிதைக்கும் புரோட்டினேஸ் கே என்ற நொதி சேர்த்து 56 டிகிரியில் இரவு முழுக்கச் சுழலவிடுங்கள். கால்சியம் கரைந்தால்தான் அதில் சிக்கிய டிஎன்ஏ வெளியே வரும். காலையில் அடியில் பொடி நிறைய தங்கியிருந்தால் ஈடிடிஏ போதவில்லை. அப்புறம் டிஎன்ஏவைப் பிடித்துவைக்கும் சிலிக்கா வடிகுழாயில் (column) நன்றாகக் கழுவ வேண்டும். மிஞ்சிய ஈடிடிஏ மக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டு, டிஎன்ஏவைப் பல மடங்கு நகலெடுக்கும் பிசிஆரை ஓடவிடாது. கரைசல் தேநீர் நிறத்தில் இருந்தால், பிசிஆரைத் தடுக்கும் மண்ணின் ஹியூமிக் அமிலம் கூடவே வந்திருக்கிறது. மறுபடி சுத்தம் செய்யுங்கள், இல்லையேல் நீர்க்கவையுங்கள்.

டிஎன்ஏ எவ்வளவு இருக்கிறது என்று அளக்காமல் பிசிஆருக்குப் போகாதீர்கள். ஆரம்ப நாட்களில் நான் அப்படித்தான் ஒரு மாதிரியின் கரைசல் முழுவதையும் ஒரே ஓட்டத்தில் தீர்த்துவிட்டேன். டிஎன்ஏவில் நாங்கள் ஒப்பிடும் இடங்களில் பாதியில், முடிவு வரைபடத்தில் ஒற்றைச் சிகரம். அந்த இடத்தில் நிஜமாகவே ஒரே அல்லீல்தானா (தாய், தந்தையிடமிருந்து ஒவ்வொன்றாக வரும் வடிவம்), இன்னொன்று விடுபட்டதா? திரும்பப் பார்க்கக் கையில் சொட்டு இல்லை. மகனைத் தேடி வந்த அந்தத் தாய்க்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

ஒரு செல்லில் 6.6 பிகோகிராம் அளவே டிஎன்ஏ உண்டு. 100 பிகோகிராம் என்றால் வெறும் 15 செல். அதில் ஒரு அல்லீல் தற்செயலாக விடுபடும். அதனால் கரைசலைப் பிரித்து மூன்று முறை ஓட்டி, இரண்டு முறையாவது வந்ததை மட்டும் ஏற்கிறேன். அளவீட்டில் சிறு துண்டு கிடைத்து நீளத் துண்டு கிடைக்கவில்லையா, சிறு துண்டிலேயே வேலை செய்யும் மினி எஸ்டிஆர் சோதனையைப் பயன்படுத்துங்கள். நியூயார்க் இரட்டைக் கோபுர இடிபாட்டில் கிடைத்த உடல் பாகங்களை அடையாளம் காண அது உதவியது. அதுவும் வரவில்லையென்றால் மைட்டோகாண்ட்ரியா (செல்லின் ஆற்றல் உறுப்பு) டிஎன்ஏ. அது தாய்வழியை மட்டுமே காட்டும்.

ஒவ்வொரு தொகுதியிலும் எலும்பே சேர்க்காத வெற்றுக் குழாய் ஒன்று கட்டாயம் ஓட வேண்டும். வெளி டிஎன்ஏ கலந்ததா என்று அது காட்டும். ஜெர்மனியில் பல குற்ற இடங்களில் ஒரே பெண்ணின் டிஎன்ஏ கிடைத்து, வருஷக்கணக்கில் தேடினார்கள். 2009-ல்தான் அது தடயம் எடுக்கும் பஞ்சுக்குச்சியைத் தயாரித்த இடத்திலேயே ஒட்டியது என்று தெரிந்தது. கிருமி நீக்கினால் டிஎன்ஏ போய்விடாது. வெற்றுக் குழாயில் சிகரம் தெரிந்தால் அன்றைய முடிவு எதையும் எழுதாதீர்கள். மிச்சப் பொடியை எடுத்து முதலிலிருந்து தொடங்குங்கள்.