இதய வால்வு கோளாறை முன்னாடியே பிடிக்கறது எப்படி

"மூச்சு வாங்குதா?"ன்னு கேட்டா நிறைய பேரு இல்லைன்னுதான் சொல்லுவாங்க, ஏன்னா மூச்சு வாங்கற வேலையையே அவங்களுக்குத் தெரியாம எப்பவோ விட்டிருப்பாங்க, வயசாச்சுல்லன்னு ஒரு சமாதானம் வேற. அதனால கேள்வியை மாத்திக் கேளுங்க: போன வருஷம் பண்ணிட்டிருந்ததுல எதை இப்ப பண்றதில்ல? மாடிப்படி ஏறும்போது நடுவுல கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு போன் பாக்கற மாதிரி நிக்கறாங்களா? ஒரு தலகாணி போதும்னு இருந்தவங்களுக்கு இப்ப மூணு வேணுமா, நடு ராத்திரி மூச்சு முட்டி எந்திரிச்சு உக்காருறாங்களா, சாயங்காலம் காலு வீங்குதா? தேதி போட்டு எழுதி வைங்க, டாக்டர்கிட்ட அந்தப் பேப்பரை நீட்டினாலே போதும்.

இதயத்துல வால்வு (ரத்தம் ஒரே திசையில போக வைக்கற கதவு) மொத்தம் நாலு, ஒரு நாளைக்கு சுமார் 1 லட்சம் தடவை திறந்து மூடுது. கோளாறு ரெண்டே விதம்தான், ஒண்ணு சரியா திறக்காது (சுருக்கம்), இல்ல சரியா மூடாது (கசிவு), சிலருக்கு ரெண்டும் சேந்தே இருக்கும். பெரும்பாலும் மாட்டுறது இடது பக்கம் இருக்கற மைட்ரல், அயோர்ட்டிக்ங்கற ரெண்டு வால்வும்தான்.

ஏன் வருது? வயசாக ஆக கால்சியம் படிஞ்சு வால்வு கெட்டியாகும். பிறவியிலேயே அயோர்ட்டிக் வால்வுக்கு மூணு இதழுக்குப் பதிலா ரெண்டு இருக்கறது 100 பேர்ல ஒண்ணு ரெண்டு பேருக்கு உண்டு, அப்படி இருந்தா கூடப்பிறந்தவங்க, பிள்ளைங்களுக்கும் ஒரு எக்கோ (இதயத்தைப் பாக்கற அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) பாத்துடறது நல்லது. ஹார்ட் அட்டாக், வால்வுல கிருமித் தொற்று இதுவும் காரணம். எனக்கு வயித்தெரிச்சல் தர்றது ருமாட்டிக் காய்ச்சல்தான், குழந்தைக்கு வந்த தொண்டைப்புண்ணை (ஸ்ட்ரெப் கிருமி) சரியா கவனிக்காம விட்டா மூட்டு வலி, காய்ச்சல்னு வந்து போயிடும், வால்வு கெட்டது பல வருஷம் கழிச்சு, சில சமயம் கர்ப்பமா இருக்கும்போதுதான் தெரியவரும். ஒருதடவை வந்தவங்க 3-4 வாரத்துக்கு ஒருதடவை போடற பென்சிலின் ஊசியை, நல்லாதான இருக்கோம்னு நிறுத்திடாதீங்க.

ஸ்டெதாஸ்கோப்ல "மர்மர்" (இதயத்துடிப்போட சேந்து வர்ற இரைச்சல்) கேட்டா அடுத்து எக்கோ, வலியில்லாத ஸ்கேன்தான். ஈசிஜி நார்மல்னு வந்ததால வால்வும் நார்மல்னு அர்த்தம் கிடையாது, இதுல ஏமாறாதீங்க. ரிப்போர்ட்ல மைல்டுன்னு போட்டிருந்தா பயப்பட ஒண்ணுமில்ல, சொன்ன தேதிக்குத் திரும்பப் போகணும், அவ்ளோதான். ஆனா நடக்கும்போது மயக்கம், நெஞ்சு வலின்னு வந்தா அயோர்ட்டிக் வால்வு ரொம்ப சுருங்கியிருக்கலாம், அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. கண்டுக்காம விட்டா இதயம் பெருசாகி பலவீனமாகும், துடிப்பு தாறுமாறாகி ரத்தக்கட்டி மூளைக்குப் போயி பக்கவாதம் கூட வரும்.

மாத்திரை மூச்சுத்திணறல், வீக்கத்தைக் குறைக்கும், வால்வை சரி பண்ணாது. அதுக்கு பலூன் (குழாய் வழியா விட்டு சுருங்கின வால்வை விரிக்கறது), ரிப்பேர், இல்ல புது வால்வு. மெட்டல் வால்வு ரொம்ப வருஷம் உழைக்கும், ஆனா ஆயுசுக்கும் வார்ஃபரின் (ரத்தம் உறையாம இருக்கற மாத்திரை), அதோட அளவு சரியான்னு பாக்கற ஐஎன்ஆர் ரத்த டெஸ்ட். திசு வால்வு (மிருகத்தோட திசுவுல செஞ்சது) வச்சா அந்தத் தொல்லை கம்மி, ஆனா 10-15 வருஷத்துல தேஞ்சுடும். நெஞ்சைத் திறக்காம தொடை வழியா வைக்கற டாவி முறை 2002-லேயே வந்துடுச்சு, உங்களுக்கு ஒத்துவருமான்னு கேளுங்க. வால்வு மாத்தினவங்க பல்லு பிடுங்கப் போறதுக்கு முன்னாடியே டென்டிஸ்ட்கிட்ட விஷயத்தைச் சொல்லிடுங்க, வால்வுல கிருமி தொத்தாம இருக்க ஆன்டிபயாடிக் குடுத்துட்டுதான் கை வைப்பாங்க.