வீட்டு போன் நம்பரோடு வேறு மாநிலம் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் 04652 என்றோ 04651 என்றோ தொடங்கும் லேண்ட்லைன் நம்பரை வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோக முடியாது. இது தெரியாமல்தான் பல பேர் திட்டம் போடுகிறார்கள். நம்பரை வைத்துக்கொண்டே கம்பெனி மாறும் வசதி இந்தியாவில் செல்போனுக்கு மட்டும்தான் உண்டு. லேண்ட்லைன் நம்பர் ஊரோடு கட்டுப்பட்டது. நம் எல்லையில் இருக்கும் களியக்காவிளைக்கும் கேரளத்துப் பாறசாலைக்கும் எவ்வளவு தூரம் இருந்துவிடப் போகிறது? ஆனாலும் இந்தப் பக்கம் 04651, அந்தப் பக்கம் 0471. நம் மாவட்டத்தில் எஸ்.டி.டி. கோடு போக ஆறு இலக்கம், திருவனந்தபுரத்தில் ஏழு இலக்கம். நம்முடைய ஆறு இலக்க நம்பருக்கு அங்கே இடமே கிடையாது.

"ஃபைபருக்கு மாற்றும்போது பழைய நம்பரையே தந்தார்களே" என்று கேட்பவர்கள் உண்டு. அது அதே ஊருக்குள் நடந்த மாற்றம். மோடத்தைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போனாலும் நம்பர் கூட வராது. இணைப்பை வெளியூருக்கு மாற்றச் சொல்லி மனு கொடுத்தாலும் அங்கே கிடைப்பது புது நம்பர்தான். ஆகவே நம்பரைக் காப்பாற்ற ஓடுவதை விட்டுவிட்டு, அந்த நம்பரில் நம்மைத் தேடுகிறவர்கள் நம்மை வந்தடைய வழி செய்வதே நல்லது.

இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. வீட்டைப் பூட்டும் அன்றே லைனை சரண்டர் செய்துவிடுகிறார்கள். அல்லது எதுவும் செய்யாமல் அப்படியே விட்டுவிட்டுப் போகிறார்கள். இரண்டில் எது மோசம் என்று கேட்டால், இரண்டாவதுதான் என்பேன். துண்டித்த நம்பரைக் கூப்பிட்டால் குரல் அறிவிப்பாவது வரும். பூட்டிய வீட்டில் போன் மணி அடித்துக்கொண்டே இருக்கும். இந்தப் பக்கம் எண்பது வயதில் ஒரு அத்தை ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, "மணி அடிக்குது, ஆரும் எடுக்கல்லியே மக்களே" என்று பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் சொல்லிக் கலங்கிக்கொண்டிருப்பார். அவருக்குத் தெரிந்த ஒரே நம்பர் அதுதான். மனப்பாடம் செய்தது, அல்லது காலண்டர் அட்டையின் பின்புறம் பெரிய எழுத்தில் யாரோ எழுதிக் கொடுத்தது.

சில மாதம் லைனை வைத்திருந்து, அழைப்புகளை உங்கள் செல்போனுக்குத் திருப்பிவிடச் சொல்லுங்கள். கால் ஃபார்வர்டிங் என்று கேட்டால் அலுவலகத்தில் புரியும். திருப்பிவிடுவதில் இரண்டு வகை உண்டு: எடுக்காவிட்டால் மட்டும் திருப்புவது, எல்லா அழைப்பையும் திருப்புவது. பூட்டிய வீட்டுக்கு இரண்டாவதுதான் சரி. ஃபைபர் லைன் என்றால் இன்னொரு விஷயமும் இருக்கிறது. பழைய செம்புக் கம்பி லைனுக்குக் கரண்ட் எக்ஸ்சேஞ்சில் இருந்தே வந்தது. ஃபைபர் மோடம் வீட்டுக் கரண்டில் ஓடுகிறது. மெயினை அணைத்துவிட்டுப் போனால் போன் செத்த மாதிரிதான். ஊரைவிட்டுக் கிளம்பும் முன் மெயினை அணைத்து, வேறொரு போனில் இருந்து கூப்பிட்டு, அழைப்பு செல்லுக்கு வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். மாத வாடகையும், திருப்பிய அழைப்புக்குக் கட்டணம் உண்டா என்பதும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை.

அந்த மாதங்களில் பழைய நம்பர் எங்கெல்லாம் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று தேடுங்கள். கேஸ் ஏஜென்சி, வங்கி, எல்.ஐ.சி. எல்லாம் எல்லோருக்கும் நினைவு வரும். அன்பியம் என்கிற கத்தோலிக்கப் பங்குக் குழுவின் பட்டியல், சபை டைரக்டரி, கோயில் வரிப் புத்தகம், பிள்ளை படித்த பள்ளி, பெரியவர் வழக்கமாகக் காட்டும் ஆஸ்பத்திரி நோட்டு ஆகியவை நினைவுக்கு வராது. ஊரில் ஒரு சாவு, ஒரு கல்யாணம் என்றால் முதலில் புரட்டப்படுவது அந்தப் பட்டியல்கள்தான்.

செல்போனில் நடப்பது இதற்கு நேர்மாறான தவறு. ஒன்றும் செய்யத் தேவையில்லாத இடத்தில் அவசரப்பட்டு செய்கிறார்கள். எல்லை தாண்டியதும் "கேரளா நம்பர்" ஒன்று வாங்கி, பழைய சிம்மை டப்பாவில் போட்டுவிடுகிறார்கள். தமிழ்நாட்டு சிம் கேரளத்திலும் கர்நாடகத்திலும் வழக்கமான பேக்கிலேயே ஓடும். டப்பாவில் கிடக்கும் சிம் ரீசார்ஜ் இல்லாமல் துண்டிக்கப்பட்டால், 90 நாள் கழிந்த பிறகு அந்த நம்பர் வேறொருவருக்குப் போகலாம். உங்கள் வங்கி ஓ.டி.பி. யார் கைக்குப் போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

புது ஊரில் டவர் சரியில்லை என்றால் அப்போது போர்ட் செய்யலாம், அதாவது நம்பரை வைத்துக்கொண்டே கம்பெனி மாறலாம். 2015 ஜூலை 3 முதல் மாநிலம் விட்டு மாநிலமும் நம்பர் மாறாமல் போக முடிகிறது. ஆங்கிலத்தில் போர்ட் என்று டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு, பத்து இலக்க நம்பரைச் சேர்த்து 1900க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால், மாறுவதற்கான எட்டு எழுத்து கோடு வரும். நம் பக்கத்தில் அது நாலு நாள்தான் செல்லும். புதுக் கம்பெனியின் கடையைத் தேடிப் பிடித்த பிறகு அனுப்புங்கள். வெளிமாநிலத்துக்கு மாற ஐந்து வேலை நாள் ஆகும். ப்ரீபெய்டில் மிச்சம் இருக்கும் பணம் கூட வராது. இப்போதைய கம்பெனியில் 90 நாள் ஆகியிருக்க வேண்டும், போஸ்ட்பெய்ட் பில் பாக்கி இருக்கக் கூடாது. சிம் தொலைந்து புது சிம் வாங்கியிருந்தால், 2024 ஜூலை முதல் ஏழு நாள் கழித்துத்தான் கோடு கிடைக்கிறது. இதை அறியாமல் போர்ட் மறுக்கப்பட்டு அலைகிறவர்கள் உண்டு. எஸ்.எம்.எஸ்.ஸில் வந்த அந்த எட்டு எழுத்தை யார் போனில் கேட்டாலும் சொல்லாதீர்கள், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான "டிராயில் இருந்து பேசுகிறோம்" என்றாலும் சரி.

கடைசியாக, பெயர். நம் வீடுகளில் லேண்ட்லைன் இன்னும் இறந்துபோன அப்பா பெயரிலோ தாத்தா பெயரிலோ இருக்கும். மகன் சிம் அம்மா பெயரில் இருக்கும். பெயர் மாற்றம் நடந்துகொண்டிருக்கும்போது போர்ட் நடக்காது. ஆகவே ஊரில் இருக்கும்போதே அதை முடித்துவிடுங்கள். லேண்ட்லைனை சரண்டர் செய்யும் நாளில் மோடத்தை ஒப்படைத்ததற்கும் பாக்கி இல்லை என்பதற்கும் கையெழுத்திட்ட ரசீது வாங்குங்கள். டெபாசிட் யார் கணக்கில், எந்த முகவரிக்கு வர வேண்டும் என்பதையும் மனுவிலேயே எழுதிக் கொடுங்கள். மறைந்தவர் பெயரில் செக் வந்துவிட்டால், அதைத் திருத்த மறுபடியும் நாகர்கோவில் பஸ் ஏற வேண்டியிருக்கும்.